ஒட்டிப் பிறந்த படிகங்கள்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைப் ‘படிகக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புரதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் இட்டு, குளிர் அறையில் வைத்து, படிகம் விளைகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. விளைந்ததில் எக்ஸ்ரே பாய்ச்சினால் கதிர் சிதறிப் புள்ளிகளாக விழும். எந்தப் புள்ளி எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று அளந்து கணக்குப் போட்டால் புரதத்தின் வடிவம் கிடைக்கும். கிடைக்க வேண்டும்.

ஒரு கிருமியின் புரதம் மட்டும் பல வருடங்களாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. படிகம் பார்க்க லட்சணமாக இருக்கும். எக்ஸ்ரேயில் வைத்தால் வண்டவாளம் வெளியே வரும். உள்ளே இரண்டு படிகங்கள், திசை மாறி ஒட்டிப் பிறந்திருக்கும். இரண்டின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது யாருடையது என்றே தெரியாது.

கணவர் பேருந்து ஓட்டுநர். இருவரும் களைத்து வந்து, பேச்சில்லாமல் சாப்பிட்டுப் படுப்பார்கள்.

ஒரு நாள் ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். “போதும்மா. இதைத் தலைமுழுகிட்டு வேற புரதத்தை எடுங்க.”

“சரி சார்.” வாதாட அவளுக்குத் தெம்பில்லை.

தட்டுகளைக் கழுவப் போடுமுன் நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தாள். ஓரத்தில் ஒரு படிகம், ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பி, கோணல்மாணலாகக் கிடந்தது. இப்படிப்பட்டவற்றை அவள் சீந்தியதே இல்லை, அழகானவற்றையே பொறுக்கியிருந்தாள். அவற்றில் இரட்டையர் இருவருக்கும் சரிபாதிப் பங்கு, அதனால்தான் பிரிக்க முடியவில்லை. இதில் ஒன்று பெரிது, மற்றது சிறிது என்றால்? பங்கு ஏற்றத்தாழ்வாக இருந்தால் கணக்கில் பிரித்துவிடலாமே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எக்ஸ்ரேயில் வைத்து அளந்தபோது அப்படித்தான் இருந்தது. ஏற்கெனவே வடிவம் தெரிந்த உறவுக்காரப் புரதம் ஒன்றை மாதிரியாக வைத்து, கணினியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினாள். மங்கலாகத்தான், ஆனாலும் புரதம் முகம் காட்டியது, மடிந்து சுருண்ட ஒரு நீளச் சங்கிலியாக.

தலைவர் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஓரிடத்தைக் காட்டினார். “இங்க மட்டும் சங்கிலி அறுந்திருக்கே. நீங்களே வளைச்சுச் சேர்த்துடுங்களேன்.”

“அங்க ஒண்ணும் தெரியல சார். தெரியாததை எப்படி வரையறது?”

“பார்க்க ஓட்டையா இருக்கும்மா.”

“இருக்கட்டும் சார்.”

அவர் முகம் சுளித்தார், வற்புறுத்தவில்லை. ஓட்டையோடுதான் அந்த வடிவம் ஆய்விதழில் வெளியானது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்போடு கட்டிலில் சாய்ந்தவளைப் பார்த்துக் கணவர் பதறினார். “என்ன ஆச்சு?”

“அந்தப் புரதம் முடிஞ்சுதுங்க.”

“அட! அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சந்தோஷப்பட வேண்டாமா?”

“படணும்,” என்று கண்ணை மூடினாள். “நாளைக்குப் படறேன்.”

அவர் குனிந்து அவள் செருப்பைக் கழற்றினார்.