மேலருந்து வரும் காற்று

கடலே இல்லாத போடியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக் காற்றை ஓட்டுவதுதான் என் சோலி. மணல்மேடு, பாறைமுனை, தென்னந்தோப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மேடுபள்ளமாக ஏற்றி, அதன்மேல் காற்றை விட்டு, எங்கே சீறும், எங்கே அடங்கும் என்று பார்க்க வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி இதற்குச் சம்பளம் தருகிறது. சொந்தக்காரர்கள் யாரும் இதை வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா மட்டும் ஒருநாள் கேட்டாள். "ஏன்டி, உன் கம்ப்யூட்டர்ல கடல் காத்து மட்டுந்தான் வீசுமா? எங்க காத்தெல்லாம் வீசாதா?"

அவள் நிழல்வலை கட்டி ஏல நாற்று வளர்க்கிறாள். போன வருஷச் சாரல் காற்றில் வலை பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. இந்த வருஷமும் பறந்தால் நாற்று வளர்ப்பதையே விட்டுவிட வேண்டும் என்று அத்தான் சொல்ல, அவளும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே தொழில் அது. அவளைவிட எனக்குத்தான் கோபம் வந்தது.

"காத்து எங்கேருந்துக்கா வருது?"

"மேலருந்துதான்."

மலைக்காற்று எப்படி வேண்டுமானாலும் புரளும், தோட்டக்காரியே சொல்கிறாள் என்று அவள் தோட்டத்துச் சரிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகட்டிலிருந்து காற்றை இறக்கினேன். முகட்டுப் பக்கம் மூங்கில் தட்டி கட்டச் சொல்லி, வண்ணப் படத்தையும் பெருமையாக அனுப்பிவைத்தேன்.

போன் வந்தது. முதலில் சிரிப்புதான் கேட்டது.

"முகட்டுப் பக்கம் தட்டி வச்சு யாருக்குடி மறைக்கிறது? காத்து பள்ளத்துலேருந்துல்ல ஏறி வருது."

"நீதானக்கா மேலருந்துன்ன?"

"மேலன்னா மேக்கடி."

போடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மேலத்தெரு என்றாலும் மேடு என்றாலும் கை ஒரே பக்கம்தான் நீளும். மெட்டைத் தாண்டிவிட்டால் மேற்கு என்பது பள்ளம். கல்யாணமாகி மலையேறியும் அக்காவின் வாய் இன்னும் போடியிலேயே இருந்தது. என் காதும் அப்படித்தான்.

காற்றைத் திருப்பி விட்டேன். பள்ளத்திலிருந்து ஏறிய காற்று, சரியாக அவள் வலை கட்டியிருந்த விளிம்பில் வந்துதான் வேகம் பிடித்தது. கொஞ்சம் தள்ளி, ஒரு பாறைத் திட்டின் மறைவில் மட்டும் சாதுவாகக் கிடந்தது. வலையை அங்கே மாற்றச் சொன்னேன். "தண்ணிக் குழாய நீயா வந்து இழுப்ப?" என்று திட்டிக்கொண்டேதான் மாற்றினாள்.

சாரல் காற்று தொடங்கிய அன்று அவளிடமிருந்து போன். ஒரே இரைச்சல். அக்கா என்னவோ கத்துகிறாள், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். திடீரென்று இரைச்சல் நின்றது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டி. இப்பத்தான் வலைக்குள்ள வந்தேன்."