ஃ எழுத்தின் இழுப்பறை

பதினோரு மணியானதும் அட்டை அக்காவின் கை ஃ இழுப்பறைக்குப் போகும். கலைச்சொல் அகராதி அலுவலகத்தில் எழுத்துக்கு ஓர் இழுப்பறை, சொல்லுக்கு ஓர் அட்டை; அவற்றை எழுதி அடுக்குவதால் அவர் அட்டை அக்கா. ஃபாரன்ஹீட் வகையறாக்களைத் தலைமை ஆசிரியர் பகரத்துக்கு நாடு கடத்திவிட்டதால் ஃ காலி. யாரும் அதைத் திறப்பதில்லை. உள்ளே அக்காவின் வலிப்பு மாத்திரைக் குப்பி. ஒன்றை எடுத்து, இருமுவதுபோல் வாயைப் பொத்தி, தண்ணீரில்லாமல் விழுங்கிவிடுவார்.

கடைசியாக வலிப்பு வந்து நாலு வருடம் ஆகிறது. பயத்துக்குத்தான் ஒரு நாளும் விடுமுறை இல்லை. படியில் சுவரை ஒட்டியே இறங்குவார். கைவைத்த நாற்காலியை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். கழிப்பறைக் கதவைத் தாழிடாமல், 'ஆள் உண்டு' என்றெழுதிய அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார்.

"பூட்டுக்கு இன்னும் அர்த்தம் எழுதலையாக்கா?" என்பார் மெய்ப்புத் திருத்துபவர்.

"எழுதிட்டேன்பா. சாவிதான் தொலைஞ்சு போச்சு."

வீட்டில் மகள் மட்டும் விடமாட்டாள். "ஆபீஸ்ல சொல்லிடேம்மா."

"சொல்லிட்டு? அச்சுக்கோக்கிறவரு மாதிரி நானும் வீட்ல உக்காரவா?"

போன வருடம் அச்சுக்கோப்பவர் அலுவலகத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அவர் நாற்காலியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தொற்றாத நோய்க்கு நாற்காலி கழுவியவர்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கியவர்கள். சந்தேகம் வரக்கூடாதென்று அக்காவும் ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தார். அதன்பின் அந்த நாற்காலியை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

இன்று மேசைக்கு வந்த சொல் ஸ்டிக்மா. இரண்டு வாரமாக அக்காவின் தூக்கத்தைத் தின்ற சொல். குத்துவது என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் ஊசியால் குத்திய அடையாளத்துக்கு அந்தப் பெயர். பூவில் மகரந்தம் ஒட்டும் சூல்முடிக்கும் அதே பெயர்தான். அதற்காக எந்தப் பூவும் வேலையை இழந்ததில்லை. மூன்றாம் பொருளை அக்கா இப்படி எழுதியிருந்தார்: 'குற்றம் செய்யாத ஒருவர்மேல் ஊரார் குத்தும் முத்திரை.'

தலைமை ஆசிரியர் அதை அடித்துவிட்டு, தான் மாற்றி எழுதியதை வாசித்தார்: "ஒருவரிடம் உள்ள இழுக்கு. எடுத்துக்காட்டு: வலிப்பு அவருக்கு ஒரு களங்கம்."

அடித்த வரியின்மேல் அக்கா விரலை வைத்தார். "அவரிடம் உள்ளதுன்னு போட்டா எப்படி சார்? குத்துனவங்க வேற ஆளாச்சே."

"அகராதியில ஞாயம் பேசக்கூடாதும்மா. நாலு பேர் என்ன சொல்றாங்களோ அதான் பொருள்."

"அந்த நாலு பேர்ல நாமளும் இருக்கோமே சார்."

"அச்சுக்கோக்கிறவரைப் பாத்தீங்கல்ல? அந்த மாதிரி ஆளை யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க, சொல்லுங்க?"

மின்விசிறிக் காற்றில் அட்டை படபடத்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது. மணி பதினொன்று. அக்கா எழுந்து ஃ இழுப்பறையை முழுவதுமாக இழுத்துத் திறந்தார். குப்பியை எடுத்து வந்து அட்டையின்மேல் வைத்தார். மாத்திரைகள் கலகலத்தன. மருந்தின் பெயர் தலைமை ஆசிரியருக்குத் தெரியும்படி குப்பியை மெல்லத் திருப்பிவிட்டு, தண்ணீர்க் குவளையை அருகே இழுத்துக்கொண்டார்.