இடமிருந்து வலமாக

சென்ற ஆண்டு என் அண்ணனின் மரண அறிவிப்பில், உயிரோடு இருக்கும் ஒருவரின் படத்தைப் போட வைத்தவன் நான்தான். பத்திரிகையில் பிறர் பிழைகளைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன். கோயில் திருவிழாவில் ஐந்து பேர் நிற்கும் படத்தை அனுப்பி, "இடமிருந்து இரண்டாவது ஆள்" என்றேன். அழுதுகொண்டே எண்ணியதில், வலமிருந்து எண்ணியிருக்கிறேன். மறுநாள் காலை, பந்தல்காரர் பத்திரிகையும் கையுமாகப் புந்தோங்கில் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் லா! எங்க வீட்ல ஒப்பாரி ஆரம்பிச்சிட்டாங்க. யாராச்சும் வந்து சொல்லுங்க."

அண்ணன் ஒருநாளும் இப்படித் தவறியதில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா மறைந்ததும் பதினாறு வயதில் பால்மரம் சீவி என்னைப் படிக்க வைத்தார். பிறகு ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஓய்வு நாள்களில் எங்கள் பத்திரிகைக்குப் படம் எடுத்தார். பள்ளி ஓட்டப்பந்தயம், கோயில் அன்னதானம், வெள்ளத்தில் மெத்தையைத் தலையில் சுமந்து வரும் குடும்பம். படம் எடுத்த பிறகும் யாரையும் கலைய விடமாட்டார்.

"அப்படியே நில்லுங்க. சிரிச்சது போதும், பேரச் சொல்லுங்க."

இடமிருந்து வலமாக, கைக்குழந்தை உட்பட எழுதிக்கொள்வார்.

அந்தப் பெயர்களை வெட்டுவது என் உத்தியோகம். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு "மற்றும் பலர்" என்று முடிப்பேன். எங்கள் தோட்டத்தை மூடிய அன்று, தொழிலாளர் லயத்து வீடுகளின் முன் கடைசியாக நின்ற இருபத்து மூன்று பேரைப் படம் எடுத்து, பெயர்களோடு அனுப்பினார். அந்தப் பெயர்களையும் வெட்டினேன். ஒருவர் கூடவா மிஞ்சவில்லை என்கிறீர்களா? மேனேஜர் மிஞ்சினார், பட்டத்தோடு.

"எடம் பத்தலையாடா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன்.

"ஆமாண்ணே."

அதே பக்கத்தில் தைல விளம்பரம் ஒன்று கால் பக்கத்துக்குக் கிடந்தது. அவரும் பார்த்திருப்பார்.

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அதே வழக்கம்தான். "சன்னலோரம் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. பேரு கேட்டு வைடா" என்றார். நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன். மறுநாள் நான் போனபோது, சொல்வதற்கு அண்ணன் இல்லை.

கருமாதி முடிந்து அவருடைய அலமாரியைத் திறந்தோம். அச்சான படங்கள் அத்தனையும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் "மற்றும் பலர்" கோடிட்டு அடிக்கப்பட்டு, கீழே பேனாவால் எல்லாப் பெயர்களும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இத்தனை வருடம் என்னைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருமுறை அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் எனக்கு இடம் பத்தவில்லை போலும்.

தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், தன் சாவுச் செய்தி வெளிவந்த அன்றே அண்ணனுக்குப் பந்தல் போட்ட அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உதவிய மற்றவர்களின் பெயர்கள் இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில், ஒருவர் விடாமல் உள்ளன. எதிர்ப்பக்கத்தில் அந்தத் தோட்டத்துப் படம். இருபத்து மூன்று பெயர்களும் இடமிருந்து வலமாக. மூன்று முறை சரிபார்த்தேன்.

படப் பக்கம் அச்சாகி வந்ததும் அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாரும் இருக்காங்க தம்பி. படம் எடுத்தவரு பேரு எங்க?"