எத்னா வீதியில் பின்னால் இருந்தவர்

பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐம்பது, அறுபது வயது ஆண்கள் உடம்போடு ஒட்டிய பளபளக்கும் உடுப்புப் போட்டுக்கொண்டு கூட்டமாகச் சைக்கிளில் பகேரியாப் பக்கம் போவார்கள். கடைக்குமில்லை, வேலைக்குமில்லை. போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வியர்வை ஒழுகத் திரும்பி வருவார்கள். வந்த புதிதில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்காது. அந்தச் சைக்கிள்களுக்குக் கரியர் இல்லை, மணி இல்லை, நிறுத்திவைக்க ஸ்டாண்ட்கூட இல்லை. பெற்றோல் வராத வருடங்களில் யாழ்ப்பாணத்தில் விறகும் மா மூட்டையும் பிள்ளைத்தாய்ச்சியும் நோயில் விழுந்த வருத்தக்காரரும் போனது சைக்கிளில்தான். எதையும் ஏற்றாமல், எங்கும் போகவேண்டிய தேவையும் இல்லாமல் மனிதர் சைக்கிள் மிதிப்பதை முதன்முதலில் இங்கேதான் கண்டேன்.

அப்படியொரு சைக்கிளில் நானே ஏறுவதற்கு இருபத்திரண்டு வருடங்கள் சென்றன. அதற்குக் காரணம் சிஞ்ஞோர் நீனோ. அவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், எழுபத்துநான்கு வயது. மொண்டெல்லோவுக்குப் போகிற வழியில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தார். நான் ஆறு வருடமாக அவருடைய பதாந்தே. வயதானவர்களை வீட்டோடு பார்த்துக்கொள்கிற ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். சமைப்பேன், குளிசை எடுத்துக் கொடுப்பேன், சவரம் செய்துவிடுவேன், வருகிற கடிதங்களை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவருடைய ஒரே மகள் லாவ்ரா மிலானோவில் இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் தொலைபேசியில் கதைப்பார். மூன்று வருடத்துக்கு முன் சிஞ்ஞோருக்குக் கண்ணின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. ஓரங்கள் மட்டும் தெரியும். "உன் காதுகளை நன்றாகத் தெரியும் சீவா, முகத்தைத்தான் காணவில்லை" என்பார். சிவநேசன் என்ற பெயர் அவருடைய வாயில் சீவாவாகியிருந்தது. நடைவழிச் சுவரில் அவருடைய பழைய பந்தயச் சைக்கிள் தொங்கும். கடந்து போகும்போதெல்லாம் அதன் சில்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது சுழன்று ஓயும்வரை நின்று கேட்பார்.

சித்திரை மாதம் அவருடைய கூட்டாளி ஒருவர் தான்டெம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேர் முன்னும் பின்னும் இருந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் அது. முன்னால் நான், பின்னால் சிஞ்ஞோர். ஃபவோரித்தாப் பூங்காவின் மரநிழல் வீதியில் காலை வேளைகளில் பழகினோம். முதல்நாள் ஏற்றம் ஒன்றில் நான் களைத்துப்போக, பின்னாலிருந்து "தாய், தாய்" என்று சத்தம் வந்தது. மனிதர் தன் தாயைத்தான் நினைத்துக் கூப்பிடுகிறார் என்று எண்ணி, பயந்து பிரேக்கைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேரும் விழப் பார்த்தோம். விடாதே, மிதி என்பதற்கு இத்தாலியர் சொல்கிற சொல் அது என்று பிறகுதான் சொன்னார். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நானும் சொன்னேன். அதற்குப் பிறகும் ஏற்றம் வரும்போதெல்லாம் "தாய்" என்றுதான் கத்தினார்.

வைகாசியில் அவருக்கு எத்னாவுக்குப் போகவேண்டும் என்ற ஆசை வந்தது. எரிமலையின் வடக்குச் சரிவில், ரந்தாட்சோவுக்கு அப்பால், முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் பிறந்தவர் அவர். இளவயதில் அந்த வீதிகளிலேதான் சைக்கிள் ஓடிப் பழகினாராம். கீழ்வீட்டுக்காரரின் வான் வண்டியைக் கேட்டு எடுத்தாயிற்று. மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார். அன்றைக்கு என் மனைவி வதனி சோறு போட்டபடி சொன்னாள்:

"நீங்களே ஒருக்கால் அந்தப் பிள்ளையிட்டைக் கேளுங்கோவன்."

"அவர்தானே சொல்லுறார், மகள் ஓம் எண்டிட்டா எண்டு."

"அவர் சொல்லுவார். நாளைக்கு ஒண்டு நடந்தா உங்களைத்தான் கேப்பினம்."

நான் கேட்கவில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுமட்டுமல்ல. எனக்கும் போகவேண்டும் போலிருந்தது. இத்தனை வருடத்தில் இந்தத் தீவின் சமையலறைகளையும் குளியலறைகளையும் குவெஸ்தூராவின் வரிசைகளையும்தான் பார்த்திருந்தேன். விசா அலுவல்களுக்கான பொலிஸ் கந்தோர் அது. மலையைப் பார்த்ததில்லை.

விடிந்ததும் புறப்பட்டு மூன்று மணித்தியாலம் ஓடி, ஒரு தேவாலயத்தின் பக்கத்தில் வானை நிறுத்திவிட்டுச் சைக்கிளை இறக்கினோம். எத்னாவின் உச்சியில் வெள்ளைப் புகை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. வீதியின் இரண்டு பக்கமும் எரிமலைக் குழம்பு இறுகிய கல்லால் அடுக்கிய மதில்கள். மண்ணும் கறுப்பு, மதிலும் கறுப்பு, சில நாட்களுக்கு முன் மலை கொட்டிய சாம்பல் வீதியோரம் குருமணலாய்க் கிடந்தது, அதுவும் கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து முந்திரிகைக் கொடிகள் இளம்பச்சையாகத் தளிர்த்திருந்தன. எங்கள் பக்கத்தில் முந்திரிகையைப் பந்தல் போட்டுத்தான் வளர்ப்பார்கள், பழம் தலைக்கு மேல் தொங்கும். இங்கே ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு தடி, இடுப்பளவு உயரம், படிப்படியாக மலைமேலே போகிறது.

"என்ன தெரிகிறது, சொல்" என்றார் சிஞ்ஞோர்.

என்னிடம் இருந்தது சமையலின், மருந்தின், விசா அலுவல்களின் இத்தாலியன். தளிருக்கும் சரிவுக்கும் அதில் சொல் இல்லை. "கல் கறுப்பு. மண் கறுப்பு. முந்திரிகை சின்னது, பச்சை" என்றேன். தமிழில் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பேன். ஐந்து வயதுப் பிள்ளையைப் போல நிறங்களை எண்ணிக்கொண்டிருந்தது வெட்கமாக இருந்தது. அவர் பரவாயில்லை என்றார். அவருக்கு வீதி உடம்பால் தெரிந்தது. "இப்போது வலதுபக்கம் வளையும். அதற்குப் பிறகு ஒரு பாலம். சந்தியில் இடதுபக்கம், சின்ன வீதியில் திரும்பு" என்று பின்னாலிருந்து சொல்லச் சொல்ல நான் ஹாண்டிலைத் திருப்பினேன். பெயர்ப்பலகைகளை நான் பார்க்கவே இல்லை. அவசியம் இருக்கவில்லை.

சின்ன வீதி ஏறத் தொடங்கியது. பின்னால் ஒருவரை வைத்து மிதிக்கும்போது அவருடைய முகம் தெரியாது, பாரம் மட்டும்தான் தெரியும். அந்தப் பாரம் எனக்குப் பழக்கமானது. பத்தொன்பது வயதில் என் அண்ணனைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறேன். ஷெல் துண்டு வயிற்றில் பட்டிருந்தது. அவனுடைய இரண்டு கைகளையும் என் இடுப்பைச் சுற்றிச் சாரத் துணியால் கட்டியிருந்தேன். பாதி வழிவரை "மெல்லப் போடா, குழி கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு சொல்லவில்லை. குழிகளுக்குள் விழுந்து விழுந்து போனேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் சைக்கிள் விழுந்துவிடும். நிற்கவும் முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சை அவிழ்த்தவர்கள்தான் என்னிடம் சொன்னார்கள்.

"தாய், தாய்" என்று இரண்டுதரம் கத்தினார் சிஞ்ஞோர். மூன்றாவது ஏற்றத்தில் சத்தம் வரவில்லை. தான்டெமில் இரண்டு பேரின் மிதியும் ஒரே சங்கிலியில் ஓடுவது. திடீரென்று என் கால்களில் கல்லைக் கட்டியதுபோல் ஆயிற்று. "சிஞ்ஞோர்?" என்றேன். சைக்கிள் மெதுவாக வலதுபக்கம் சாய்ந்தது. இருவரும் சாம்பல்மேல் விழுந்தோம். பெரிய காயம் இல்லை. ஆனால் அவருடைய வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வலக்கை, கழற்றிவைத்த கையுறைபோல் மண்ணில் கிடந்தது. எத்தனையோ வருத்தக்காரரைப் பார்த்தவன் நான். பாரிசவாதம் என்று உடனே தெரிந்தது.

அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் அமைதியாகக் கேட்டாள்: "எங்கே இருக்கிறீர்கள்?"

"எத்னா. முந்திரிகைத் தோட்டம்."

"எந்த வீதி?"

சுற்றிப் பார்த்தேன். கறுப்பு மதில், பச்சைக் கொடி, மேலே புகை. "கறுப்பு மதில் இருக்கிறது" என்றேன். எத்னா முழுவதும் கறுப்பு மதில்தான். போனில் வரைபடத்தைத் திறக்கப் பார்த்தேன், சிக்னல் போதாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிஞ்ஞோருக்கு அந்த இடத்தின் பெயர் தெரியும். எந்த வளைவு, யாருடைய தோட்டம், எல்லாம் தெரியும். இது எந்த இடம் என்று கேட்டேன், கேள்வி அவருக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் முயன்றார். வாயில் எச்சிலும் ஊ என்ற சத்தமும் மட்டும் வந்தன. போனை அவருடைய உதட்டோடு வைத்துப் பிடித்தேன். அந்தப் பெண் "விளங்கவில்லை, விளங்கவில்லை" என்றாள். இடம் தெரிந்தவருக்கு வாய் இல்லை, வாய் இருந்தவனுக்கு இடம் தெரியவில்லை. மண்ணில் முழங்காலில் நின்று அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணை, அண்ணை என்று நான் தமிழில் கூப்பிட்டிருக்கிறேன். அதை நான் உணரவே இல்லை.

அந்தச் சத்தத்துக்கு மேல்தோட்டத்திலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தார். கொடி கட்டுகிற நார் கையிலே இருந்தது. என் போனை வாங்கி இரண்டே இரண்டு சொல் சொன்னார். அந்தப் பகுதியின் பெயர் அது. இருபது நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்துவிட்டது. அதற்கு முன் நான் வீணாக்கியது எத்தனை நிமிடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கத்தானியாவில் உள்ள வைத்தியசாலையில் கதவடியில் மறித்தார்கள். "நீங்கள் அவருக்கு யார்?" ஆறு வருடம் அவரைக் குளிக்க வார்த்தவன் என்பதை எப்படிச் சொல்வது. "பதாந்தே" என்றேன். "குடும்பத்தவர்கள் மட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் லாவ்ரா விமானத்தில் வந்து சேர்ந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"எனக்குத் தெரியும் என்று அப்பா சொன்னாரா?"

"ஓம், சிஞ்ஞோரா."

"நான் மூன்று தரம் வேண்டாம் என்று சொன்னேன். என்னுடைய இலக்கம் உங்களிடம் இருக்கிறதுதானே."

"மி திஸ்பியாச்சே" என்றேன். துக்கமாக இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. பிழை என்னுடையது, மன்னியுங்கள் என்பதற்கும் இவர்களிடம் அதே சொல்தான். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்ததில் பிழை உண்டா என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுச் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வதனி என் முழங்காலில் ஒட்டியிருந்த கறுப்புச் சாம்பலைத்தான் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக்கடையொன்றில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. சிஞ்ஞோரைப் பலெர்மோவுக்குக் கொண்டுவந்து, கைகால் பயிற்சி கொடுக்கிற இடமொன்றில் வைத்திருப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார். இரண்டுதரம் போனேன். பார்க்க வருவோரின் பட்டியலில் என் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆடி மாதம் லாவ்ராவே தொலைபேசி எடுத்தார். அப்பாவை மிலானோவுக்குக் கொண்டுபோகிறேன், காரில் ஏற்றி இறக்க உங்களுக்கு மட்டும்தான் விடுவார், வருவீர்களா என்றார். காரில் போகும்போது லாவ்ரா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி, "வேறு இடத்தில் என்றாலும் இது வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை. சிஞ்ஞோர் மெலிந்திருந்தார். நாலைந்து சொற்கள் திரும்பியிருந்தன, சின்னச் சின்னச் சொற்கள். பயணம் முழுக்க இடக்கையால் என் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைச் சோதனை வரிசைவரை தள்ளிப் போனேன். அதற்கு அப்பால் ரிக்கற் உள்ளவர்கள் மட்டும். குனிந்து விடைபெற்றேன். எங்கள் வீடுகளில் பிரியும்போது போறன் என்று சொல்வதில்லை. அது அபசகுனம், வாறன் என்றுதான் சொல்வோம். அந்த நேரத்தில் என் வாய் அதைத்தான் இத்தாலியனில் தேடி எடுத்தது. "வெங்கோ" என்றேன். வருகிறேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "வருகிறான்" என்று மகளிடம் சொன்னார், தெளிவாக. லாவ்ரா என்னைப் பார்த்தார். திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். போகிறேன் என்ற சொல்லை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது. லாவ்ரா பக்கத்தில் நின்று ஒரு கையால் தள்ள, நாற்காலி வரிசையோடு முன்னால் நகர்ந்தது. பின்னால் வந்த ஒரு குடும்பம் நெருங்கியபோது சிஞ்ஞோர் இடக்கையை நீட்டி அவர்களை மறித்தார். தனக்குப் பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விடச்சொல்லிக் கையை ஆட்டினார். அவர்கள் விட்டார்கள். அந்த வெறும் இடம் அவருக்குப் பின்னாலேயே நகர்ந்து வளைவில் திரும்பும்வரை, வரிசையை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.