கல்வெட்டுக் குழுவுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வீட்டில் இருவருக்கும் சேர்த்து என் கணவர் படித்திருந்தார்.

கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் வங்காளத்துப் பவானிபூர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்களைச் சேர்த்து இன்டர்நெட்டில் ஒரு குழு ஆரம்பித்தார். ஒருவர் மெயில் எழுதினால் எல்லோருக்கும் போகும். அப்போது இன்டர்நெட் போன் கம்பியில்தான் வந்தது. ஆகவே எங்கள் வீட்டுப் போன் எந்நேரமும் பிஸி. நான் முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவரை 'சார்' என்று கூப்பிட மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் ஜாதவ்பூர் பேராசிரியர் ஒருவர், எங்கள் ஊரிலேயே சால்ட் லேக் பேட்டைப் பேராசிரியர் ஒருவரின் புத்தகம் மாணவனிடமிருந்து திருடியது என்று குழுவில் எழுதிவிட்டார். சால்ட் லேக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். எழுதியவருக்கு ஒன்று, குழுவை நடத்துகிற குற்றத்துக்காக இவருக்கு ஒன்று.

மாடி வீட்டு வங்காளி வக்கீல் படித்துப் பார்த்தார். "மாஷிமா, அந்த வாக்கியம் மறுபடி குழுவுல வராம இருந்தா சமாளிச்சிடலாம்" என்றார் என்னிடம். மாஷிமா என்றால் அவர்கள் பாஷையில் சித்தி.

படித்தவர்கள் ஆயிற்றே, சும்மா இருப்பார்களா? குழுவை மூடலாமா கூடாதா என்று குழுவிலேயே விவாதம் வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிய வேண்டுமாம். பழைய மெயில் முழுவதையும் அடியில் ஒட்டித்தான் அனுப்புவார்கள். 'இது கண்டிக்கத்தக்கது' என்று ஒருவர் எழுதினார். அடியில் அந்த வாக்கியம். 'என்னை இதில் இழுக்காதீர்கள்' என்று இன்னொருவர். அடியில் அதே வாக்கியம். சால்ட் லேக்காரரின் திருட்டு, கல்யாணப் பத்திரிகை போல எல்லோர் வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போனது.

அதற்காக வந்த இரண்டாவது நோட்டீஸைப் பார்த்து வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாஷிமா, இவங்கல்லாம் நிஜமாவே புரொபசருங்கதானா?"

"அதுல என்ன சந்தேகம்? படிக்காதவங்களுக்கு இவ்வளவு ஒழுங்காத் தப்பு பண்ண வருமா?"

"மன்னிப்புக் கேட்டுட்டுக் குழுவை மூடச் சொல்லுங்க. இல்லேன்னா கோர்ட்தான்."

"மூடிட்டா நாளைக்கு நான் என்ன பண்றது?" என்றார் இவர், கம்ப்யூட்டரைப் பார்த்து. என்னைக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டது கம்ப்யூட்டரை. மன்னிப்பு எழுதினார், மூடினார், சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் காலை போன் அடித்தது. கம்பி காலியாகிவிட்டதல்லவா!

"சார், ஏன் மூடிட்டீங்க?" என்று குழுக்காரர் ஒருவர் கேட்டது எனக்கே கேட்டது.

இவர் முகம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது வேற ஒண்ணுமில்ல. நம்ம ஜாதவ்பூர்க்காரர் என்ன எழுதினார்னா..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை வகுப்புக் குரலில் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். மாடியில் வக்கீல் பலமாக இருமினார்.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த போன் வருவதற்குள் அவருக்குக் காபி கலக்கப் போனேன்.