என் தாளில் அவள் எண்

மூன்று வருடங்களுக்கு முன், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. படித்தேன் என்பது கொஞ்சம் மிகை, வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமைதோறும் ஐந்து வீட்டுக் கணக்குகளைப் போட்டுக் கொடுக்க வேண்டும். வழிமுறையை நண்பர்களிடம் கேட்கலாம், விடையைப் பார்த்து எழுதக் கூடாது. பிடிபட்டால் எழுதியவருக்கும் காட்டியவருக்கும் பூஜ்ஜியம். எங்கள் விரிவுரையாளர் அம்மையார் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்தாவது கணக்கில் அமிலத்தின் அளவையே சொல்ல மாட்டார். அவரவர் மாணவர் அட்டையின் கடைசி இரண்டு எண்கள்தான் மில்லிலிட்டர். ஆக, ஆளுக்கொரு விடை.

அன்று காலை அந்த ஐந்தாவது கணக்கு மட்டும் என் தாளில் வெறுமையாக இருந்தது. பண்டமாரானிலிருந்து வரும் வகுப்புத் தோழியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பாவம், தன் தாளையே படமெடுத்து அனுப்பி, "ஸ்டெப் மட்டும் பாருடா" என்று எழுதியிருந்தாள். சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் ரயில் தாமதம். மடியில் பை, பைமேல் தாள். ஸ்டெப்பைப் பார்த்தேன், கூடவே மிச்சம் எல்லாவற்றையும் பார்த்தேன். கையெழுத்து மட்டும் என் சொந்தம்.

தாளைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கழுத்தில் தொங்கிய என் அட்டை கண்ணில் பட்டது. கடைசி எண்கள் 82. நான் எழுதியது 37. அவளுடைய எண்!

எனக்குப் பூஜ்ஜியம் புதிதல்ல. ஆனால் அவள் உபகாரச் சம்பளத்தில் படிக்கிறவள். மதிப்பெண் குறைந்தால் அது போய்விடும். முன்வரிசையில் அவள் எதுவும் தெரியாமல் கறிபாப் தின்றுகொண்டிருந்தாள். மயங்கி விழலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கும் தைரியம் வேண்டுமே!

வகுப்பு முடிந்ததும் அம்மையார் எங்கள் இருவர் தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க."

நடைக்கூடத்தில் அவள் என் சட்டையைப் பிடித்தாள். "டேய், என்னடா செஞ்சே?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அறையில் அம்மையார் என் அட்டையையும் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "முப்பத்தேழு எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஒரு பொய் தயாராக இருந்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிட்டது. "நான்தான் மேடம் பாத்து எழுதினேன். அவ ஸ்டெப் பாக்கத்தான் அனுப்பினா."

"காப்பியடிக்கவும் கொஞ்சம் மூளை வேணும் லா" என்றவர், அவள் பக்கம் கையை நீட்டினார். "மெசேஜைக் காட்டு."

படித்தார். மறுபடியும் படித்தார். மேலே மின்விசிறி சுற்றியது, என் தலையும்தான்.

"ஸ்டெப் சொல்றது தப்பில்ல. இனிமே படம் அனுப்பாதேம்மா. உனக்கு மார்க் இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு முட்டை."

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த திங்கள் காலை, கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் நம்பர் என்னடா?"

"எம்பத்திரண்டு."

"ம்... எழுது."

அந்த முட்டையை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆனால் அன்று என் தவறுக்காக அவள் தன் போனை நீட்டிவிட்டு நின்றது, இன்றும் யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போதெல்லாம் என்னை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கிறது.