முடிவு சேர்ந்து வர வேண்டும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு; ஆறாவது என் நாத்தனார் மகன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வயலின். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பழகியது. துறைமுகத்தில் அவரோடு சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிய ஒருவர் என்னை மைனி என்பார். எனக்கும் அவர் கொழுந்தன்தான். அவருக்கு வாத்தியம் இரும்பு. அறுந்த கப்பல் சங்கிலி, லாரிப் பட்டை, ஒரு எண்ணெய் டிரம். நாற்பது வருடமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இரண்டு பேரும் எங்கள் மாடியில் வாசிக்கிறார்கள். பாட்டு கிடையாது, ராகம் தாளம் கிடையாது. என்ன வரப்போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். முகத்தைப் பார்த்தால் அடுத்தது தெரிந்துவிடுமாம்.

ஒரே ஒரு சட்டம்: முடிவு சேர்ந்து வர வேண்டும். சைகை கூடாது. கச்சான் காற்று சட்டென்று விழுந்தால் தெருவே ஒரு நொடி சும்மா கிடக்குமே, அப்படி வில்லும் இரும்பும் ஒன்றாக ஓய்ந்துவிடும். முதல் நாளே பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்கக் கேட்கத்தான். இப்போது வேறு எதைக் கேட்டாலும் எனக்குச் சப்பென்று இருக்கிறது.

எதிர்க் கடை அண்ணாச்சி கேட்பார், "மாடியில கிரில் கேட்டு வேலையா?"

"ஆமா, உம்ம வாய்க்கு ஒரு கேட்டு செய்யுதாவ" என்பேன்.

போன வருடம் கொழுந்தனுக்குக் காது மங்கியது. "இடது காது போயாச்சு மைனி, வலதும் கிளம்பிட்டு. முடிவு என்னைக்குத் தப்புதோ, அன்னைக்கு எல்லாத்தையும் பழைய இரும்புக் கடையில போட்டுருவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். அன்று என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வேறு யாரோடும் வாசிக்க அவருக்கு வராது.

பிறகு சில இளவட்டங்கள் வந்து கூப்பிட்டு, ஊருக்குள் ஒரு மண்டபத்தில் இருவரையும் மேடை ஏற்றினார்கள். நன்றாகத்தான் போனது. அப்புறம் என் வீட்டுக்காரர் முடித்து, வில்லை மடியில் வைத்தார். இரும்பு நிற்கவில்லை. கொழுந்தன் தன் பாட்டுக்குச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் திரும்பி அவர் தோளைத் தட்டுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. கண்ணை மூடி, வந்திருந்தவர்களில் ஒருவர் மாதிரி உட்கார்ந்து கேட்டார். பிறகு வில்லை எடுத்து, நூல் மாதிரி ஒரு சத்தம் விட்டார். அது இரும்பு போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனது. சங்கிலி டிரம்மின் மேல் கண்ணி கண்ணியாக இறங்கிப் படுத்தது. வயலினும் கூடவே படுத்தது. மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை.

வெளியே டீ குடிக்கும்போது கொழுந்தன் கேட்டார், "முடிவு சேந்துச்சா மைனி?"

"சேந்துதான் வந்துச்சு."

"அண்ணன் இடையில நிறுத்துனது எனக்குத் தெரியும். முன்வரிசையில ஒரு பிள்ளை கைதட்டத் தூக்குன கைய இறக்கிட்டு. சரி, திரும்ப வாராகளான்னு பாப்போம்னு போனேன்."

"ஏலே, தெரிஞ்சேவா என்னைக் காக்க வச்ச?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இத்தனை வருசம் நீங்க முடிக்கும்போது நான் முடிச்சேன். ஒரு நாள் நான் முடிக்கும்போது நீங்க முடிச்சா கொறஞ்சா போவீக?"

என் வீட்டுக்காரர் தன் தட்டில் இருந்த வடையை எடுத்துக் கொழுந்தன் தட்டில் வைத்தார்.

இரும்பு எதுவும் கடைக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் முடிவு இரும்புடையது. வயலின் காத்திருந்து சேர்ந்துகொள்கிறது. இப்படி ஒரு மனுசரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்குப் பெருமைதான்.

இரண்டு பேரும் மாடியிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஏளா பேத்தி, இங்கன வா. இதை எடுத்துக்கொண்டு போய், கொழுந்தன் தாத்தாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்து உரக்க வாசி. நானும் கேட்கிறேன். எழுத்துப் பிழையை அப்புறம் சொல்லு.